மீதி பூஜ்யம்

மனிதன் சாப்பிட்ட சாப்பாடு உடம்புக்குள் போய் என்ன ஆகிறது என்று கண்டுபிடிப்பதற்காக நாலு மாடியில் ஒரு நிறுவனம் கட்டியிருந்தார்கள். எது எரிகிறது, எது தங்குகிறது, எந்த இடத்தில் தப்பு நடந்து அது நோயாகிறது என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. வாசலில் ‘வளர்சிதைமாற்ற ஆய்வு நிறுவனம்’ என்று ஆள் உயர எழுத்தில் பலகை வைத்திருந்தார்கள். முதல் மூன்று மாடிகளில் அலுவலகங்கள். நாலாவது மாடியில்தான் ஆராய்ச்சி. அதற்கு மனிதர்கள் வேண்டியிருக்கிறது என்பது மட்டும் நிறுவனத்துக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. மனிதர்கள் இல்லாமல் செய்ய முடியுமா என்று ஒரு குழு இரண்டு வருஷம் யோசித்து, தற்போதைக்கு முடியாது என்று அறிக்கை கொடுத்திருந்தது.

கடைசியில் இரண்டு பேர் போதும் என்று முடிவானது. ஒருவர் நோயாளி. இன்னொருவர் அவரோடு ஒரே வீட்டில் இருந்து, ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு, ஏறக்குறைய அதே வயதாகி, அந்த நோய் மட்டும் வராமல் தப்பித்தவர். இந்த இரண்டாவது ஆளுக்கு ‘ஒப்பீட்டு நபர்’ என்று பெயர். அப்படி ஒரு ஜோடி கிடைக்காமல் நிறுவனம் எட்டு மாதமாகக் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் தையல்காரரும் அவர் மனைவியும் வந்து சேர்ந்தார்கள்.

தையல்காரரின் கடை கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இரண்டு மெஷின் போட்ட பிறகு மூன்றாவது ஆள் நிற்க இடம் கிடையாது. அவர் வெட்டித் தைப்பார். அவர் மனைவி காஜா எடுத்து, பட்டன் வைத்து, ஓரம் மடிப்பாள். பத்தொன்பது வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்து இப்படித்தான். போன வருஷம் அவளுக்குப் பசி நின்றுபோனது. சும்மா குறையவில்லை, நின்றே போனது. வற்புறுத்திச் சாப்பிட்ட கொஞ்சமும் உடம்பில் ஒட்டவில்லை. சர்க்கரையா என்று பார்த்தார்கள், இல்லை. தைராய்டா, அதுவும் இல்லை. ஒவ்வொரு டாக்டரும் ஆளுக்கொரு ‘இல்லை’ எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். தையல்காரர் அந்த ஒரு வருஷத்தில் அவள் சட்டைகளை நாலு தடவை பிடித்துத் தைத்தார். நாலாவது தடவை, வெளியே தெரிந்த துணியைவிட உள்ளே மடித்த துணி அதிகமாக இருந்தது. அன்றைக்குக் கடையைப் பாதியில் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதார்.

நிறுவனத்தில் ஒரு புது மருந்து பரிசோதனையில் இருந்தது. பசியைத் திரும்பக் கொண்டுவரும் என்றார்கள், மூன்று வாரம் பிடிக்குமாம். வெளியே எங்கும் கிடைக்காது. ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். நாற்பத்திரண்டு நாள் முழுதாக இருந்து முடித்துவிட்டால் அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மருந்தை அவர்களே தருவார்கள். ஆக, அவள் பிழைப்பதென்றால் நாலாவது மாடியில்தான் பிழைக்க வேண்டும்.

பதிவு அதிகாரி மிகவும் நல்ல மனிதர். யாரையும் நிமிர்ந்து பார்த்து மிரட்டியதில்லை, ஏனென்றால் யாரையும் நிமிர்ந்தே பார்த்ததில்லை. படிவத்தைப் பார்த்தபடியே முப்பத்துநாலு கையெழுத்து வாங்கினார். ‘நாற்பத்திரண்டு நாளும் ஆரோக்கியமாக இருக்கச் சம்மதிக்கிறேன்’ என்று தையல்காரர் ஒன்று போட்டார். ‘இந்த நோயைத் தவிர வேறு நோய் கொள்ளமாட்டேன்’ என்று அவர் மனைவி ஒன்று போட்டாள். இரண்டுக்கும் சாட்சியாக ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்டார்கள். கல்யாணத்துக்குக்கூட இத்தனை கையெழுத்துப் போட்டதில்லை என்று அவள் சொன்னாள்.

“பதினொண்ணாவது விதிய மட்டும் மனசுல வெச்சுக்கங்க,” என்றார் அதிகாரி. “தட்டுல கால்வாசிக்கு மேல மீதி வெச்சா அது ஒரு குறை. தொடர்ந்து மூணு வேளை குறை விழுந்தா நோயாளி ஆய்வுலேருந்து வெளிய. மருந்தும் நின்னுடும்.”

தையல்காரருக்குப் புரியவில்லை. “பசிக்காததுதாங்க அவளுக்கு வியாதியே.”

“அதனாலதான் முன்னாடியே சொல்றேன். சாப்பிடாதவங்கள வெச்சுக்கிட்டுச் சாப்பாட்ட எப்படி ஆராய்ச்சி பண்றது?”

நாலாவது மாடியில் இருந்த அறைக்கு ஊழியர்கள் மூச்சறை என்று பேர் வைத்திருந்தார்கள். சுவர் முழுக்கத் தகரம், காற்றுப் புகாத கதவு, உள்ளே ஒரு கட்டில், ஒரு நாற்காலி, மறைவில் கழிப்பறை. உள்ளே போகிற காற்றையும் வெளியே வருகிற காற்றையும் அளந்து, மனுஷன் எவ்வளவு எரிக்கிறான் என்று மெஷின் சொல்லிவிடும். கட்டிலுக்கு அடியிலேயே எடை பார்க்கும் கருவி இருந்தது. முதலில் ஒரே அறையாகத்தான் கட்டினார்களாம். பிறகு நடுவில் கண்ணாடி வைத்துத் தடுத்து இரண்டாக்கினார்கள். சாப்பாடு உள்ளே போகிற பெட்டி மட்டும் இரண்டு அறைக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. அதற்கு மூன்று கதவுகள்: நடைபாதைப் பக்கம் ஒன்று, அவள் அறைக்குள் ஒன்று, அவர் அறைக்குள் ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு கதவுதான் திறக்கும். நீலத் தட்டு நோயாளிக்கு, மஞ்சள் தட்டு ஒப்பீட்டு நபருக்கு.

இயக்குநர் வந்து எல்லாவற்றையும் விளக்கினார். கோட்டுப் போட்ட பெரிய மனிதர். உடம்பு என்பது ஒரு அடுப்பு, நோய் என்பது புகை, என்று அவர் பேசப் பேசக் கூட வந்த ஆறு பேரும் குறித்துக்கொண்டார்கள். நடைபாதைப் பக்கம் இருந்த ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறதே, எங்களை யாரும் பார்த்துக்கொள்ளமாட்டீர்களா என்று தையல்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“பாக்க ஆரம்பிச்சா அபிப்பிராயம் வந்துடும்,” என்றார் இயக்குநர். “அபிப்பிராயம் வந்தா இரக்கம் வரும். இரக்கம் வந்த இடத்துல எண் நிக்காது. எங்க நிறுவனத்துல இதுவரைக்கும் யாரும் எந்த நோயாளியையும் பாத்ததில்லங்கறத நான் பெருமையாவே சொல்லிக்குவேன்.”

இரண்டு அறைக்கும் நடுவே ஒரு ஃபோன் இருந்தது. பேசினால் உடம்பு எரியும் என்பதால் ஒரு நாளைக்கு இருபது நிமிஷம்தான் அனுமதி. என்ன பேசுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை நிமிஷம் என்று மட்டும் எழுதுவார்கள். முதல் நாளே தையல்காரர் மனைவியிடம், “அந்த இயக்குநர் கோட்டுல இடது தோள் ரெண்டு விரக்கடை எறங்கியிருக்கு, பாத்தியா? பட்டனை ஒரு காஜா தள்ளிப் போட்டிருக்கார், பாவம்,” என்று சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள். மெஷினில் கோடு எகிறியது. ஐந்தே நிமிஷத்தில் பதிவு அதிகாரி ஒரு படிவத்தோடு வந்து, அட்டவணையில் இல்லாத சிரிப்புக்கு விளக்கம் கேட்டார். ‘காரணம்: இயக்குநரின் தோள்’ என்று தையல்காரர் உள்ளதை எழுதினார். அது மூன்றாவது மாடி வரைக்கும் போய், பிறகு சிரிப்பு தடை செய்யப்பட்டது.

முதல் மூன்று நாள் அவள் எப்படியோ சமாளித்தாள். ஒரு துண்டு ரொட்டி, வேகவைத்த காய், முட்டை எல்லாம் சேர்த்து அறுநூற்று நாற்பது கிராம். கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தையல்காரரும் சேர்ந்து விழுங்குவார். நாலாம் நாள் காலையில் அவளால் முடியவில்லை. தட்டு அப்படியே வெளியே போனது. ஒரு குறை. மத்தியானமும் அப்படியே. இரண்டு குறை. சாயங்காலத் தட்டு வந்தபோது அவள் அதைத் தொடவே இல்லை. பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, கடையைத் திறக்கப் போகலாம் வாங்க என்று கையால் தையல் மெஷின் சுற்றுவதுபோலக் காட்டினாள்.

தையல்காரர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டார். தன் பக்கத்துக் கதவைத் திறந்தார், நீலத் தட்டை எடுத்தார், ஏற்கனவே தன் தட்டைச் சாப்பிட்டு முடித்த வயிற்றில் அதையும் போட்டார், காலித் தட்டைத் திரும்ப வைத்தார். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஃபோனை எடுத்தாள்.

“நல்லா மென்னு சாப்பிடுங்க. அப்புறம் எனக்கு அஜீரணம் ஆயிடப் போவுது.”

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. தடை இருந்தது.

தட்டுகளை எடைபோட ஒரு அம்மா இருந்தார். முப்பது வருஷ சர்வீஸ். போகும்போதும் வரும்போதும் தட்டை நிறுத்து, கழித்து, ஏட்டில் எழுதுவார். ‘நீலம், மீதி பூஜ்யம்’ என்று அன்றைக்கு எழுதினார். மறுநாளும் எழுதினார். அடுத்த வாரம், பெட்டியின் வெளிக்கதவு வழியாக அவர் குரல் மட்டும் மெதுவாகக் கேட்டது. “நீலத் தட்டுல மீசை முடி ஒண்ணு கெடந்துச்சுங்க.” தையல்காரர் மீசையைக் கையால் மூடிக்கொண்டார். மேலே சொல்லிவிடுவீர்களா என்று கேட்டார். “எனக்கு வேலை தட்டை நிறுக்கறது,” என்றார் அந்த அம்மா. “முடிக்கு ஏட்டுல எடமில்ல.” அவர் இரக்கத்தில் சொன்னாரா, விதிப்படி சொன்னாரா என்று தையல்காரருக்கு இன்றுவரை தெரியாது. அங்கே இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தன.

ஆக, ஏட்டின்படி அவள் வேளைக்கு அறுநூற்று நாற்பது கிராம் சாப்பிட்டாள், நாளுக்கு நாள் இளைத்தாள். அவர் அளவாகச் சாப்பிட்டார், நாளுக்கு நாள் பெருத்தார். அவள் அடுப்பில் விறகு போகிறது, சூடு வரவில்லை. அவர் அடுப்பில் போட்டதைவிட அதிகமாக எரிகிறது. இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். நிறுவனத்துக்கு வந்தது மகிழ்ச்சி.

மூன்று மாடியும் கூடிப் பேசியது. எடைக் கருவி பழுது என்று ஒரு கட்சி. நோயாளி சாப்பாட்டை எலும்புக்குள் ஒளித்துவைக்கிறாள் என்று ஒரு கட்சி. கடைசியில் இயக்குநர் எழுந்து, இது புத்தம்புதிய கண்டுபிடிப்பு, நெடுநாள் ஒன்றாக வாழ்ந்த தம்பதிகளிடையே எடை சுவரைத் தாண்டிப் பெயர்கிறது என்று அறிவித்தார். அதற்கு ‘தாம்பத்திய எடைப் பெயர்ச்சி’ என்று பேர் சூட்டினார்கள். முன்னால் இயக்குநரின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. அதைத் தம் வாயால் ஆதரிப்பது முறையல்ல என்று இயக்குநர் எழுத்தில் ஆதரித்தார். போய் அந்தத் தட்டு வைக்கும் பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அது நாலாவது மாடியில் இருந்தது.

கண்டுபிடிப்பை உறுதிசெய்வதற்காக நீலத் தட்டை ஒன்றரைப் பங்காக்கினார்கள். தையல்காரரின் பாடு சொல்லி மாளாது. தொண்டை வரைக்கும் சாப்பாடு நிற்கும். வாந்தி எடுக்க முடியாது, எடுத்தால் அதையும் நிறுப்பார்கள். கண்ணில் நீர் வழிய வழிய மென்றுகொண்டே கண்ணாடியைப் பார்ப்பார். அந்தப் பக்கம் அவள் ஒரு கோப்பைப் பாலை ஒரு மணி நேரமாகக் கையில் வைத்திருப்பாள், இரண்டு வாய் குடித்திருப்பாள். அவள் தோள் எலும்பை அவர் கண்ணாலேயே அளந்தார். டேப் தேவையில்லாத கண் அது. ஒரு வாரத்தில் அரை அங்குலம், மறு வாரத்தில் முக்கால் அங்குலம். தினமும் ரத்தம் எடுக்க நர்ஸ் வருவாள், சுவரில் இருந்த ரப்பர் ஓட்டை வழியாக மனைவியின் கை மட்டும்தான் வெளியே நீளும். கை மெலிந்திருக்கிறது என்று எழுத நர்ஸின் படிவத்தில் கட்டம் கிடையாது.

“மூணு வாரம் ஆகணும்னு சொன்னாங்கல்ல,” என்பார் தையல்காரர் ஃபோனில். “மருந்து புடிக்கற வரைக்கும்தான். அப்புறம் நீயே பிடுங்கித் தின்னப் போற.”

“ஆமாமா. உங்க தட்டையும் சேத்துத்தான் திம்பேன், இருங்க,” என்பாள் அவள். குரல் நாளுக்கு நாள் தூரமாகிக்கொண்டே போனது.

இருபத்துநாலாம் நாள் விருந்தாளிகள் வந்தார்கள். வேறு நிறுவனங்களின் இயக்குநர்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நடைபாதைத் திரையை விலக்கினார்கள். ஒலிபெருக்கியை அணைக்க யாரோ மறந்திருந்ததால் இயக்குநர் பேசியது உள்ளே கேட்டது.

“வேற எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் இந்த அம்மாவுக்கு மூக்குல குழாய் போட்டு உணவு ஏத்தியிருப்பாங்க,” என்றார் அவர். “பாத்தா சாப்பிடாத உடம்பு மாதிரித் தெரியுது இல்லையா? பாக்கறதோட ஆபத்து அதுதான். இவங்க இருபது நாளா ஒரு வேளைகூட மீதி வெக்கல. பசி பூரணமாத் திரும்பிடுச்சு. அதனாலதான் பன்னண்டாம் நாளே மருந்த நிறுத்திட்டோம். இப்ப குடுக்கறது வெறும் மாவு மாத்திரை.”

விருந்தாளிகள் கண்ணாடி வழியாகப் பார்த்துத் தலையாட்டினார்கள்.  மருந்துக்காகத்தான் தையல்காரர் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டதால்தான் மருந்து நின்றது. குழாய் வைத்தாவது அவளைக் காப்பாற்றியிருப்பார்கள். அதையும் அவர்தான் தின்று தீர்த்திருந்தார்.

ஃபோனை எடுத்து மனைவியிடம், சொல்லிவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்றாள் அவள். சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், இன்னும் பதினெட்டு நாள்தானே, முடித்தால் ஒரு வருஷத்து மருந்து கிடைக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்றாள். பல்லைக் கடிக்கக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை என்பது அவள் பேச்சிலேயே தெரிந்தது. தையல்காரர் முதல் தடவையாக அவள் பேச்சைத் தட்டினார். ஜன்னலைத் தட்டி, இயக்குநரை வரவழைத்து, நடைபாதைப் பக்கம் பேசுகிற வெளி ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னார். நாலாம் நாளிலிருந்து இன்று காலை வரைக்கும் நீலத் தட்டை நான்தான் சாப்பிட்டேன், அவள் பச்சைத் தண்ணீரும் இரண்டு வாய் பாலும்தான், தயவுசெய்து குழாயாவது போடுங்கள் என்று கை கூப்பினார்.

இயக்குநர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நம்பிவிட்டார் என்று தையல்காரருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம்,” என்றார். “ஆனா நீங்க ஒரே ஒரு தடவை சொல்றீங்க. தட்டு அம்பத்தொம்பது தடவை சொல்லியிருக்கு.”

ஒப்பீட்டு நபர் வாயால் சொல்வது தரவு ஆகாது என்றும், ஆய்வு முடிந்த பிறகு எழுத்தில் கொடுக்கலாம் என்றும் பதிவு அதிகாரி சேர்த்துச் சொன்னார். தையல்காரர் தட்டையே சொல்ல வைப்பது என்று முடிவு செய்தார். அன்று மத்தியானம் நீலத் தட்டைத் தொடவில்லை. சாயங்காலமும் தொடவில்லை. மறுநாள் காலையும் தொடவில்லை. மூன்று வேளையும் ஒன்றரைப் பங்கு அப்படியே திரும்பிப் போனது. வெளியே அனுப்பிவிடுவார்கள், உடனே எதிர்த் தெரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று காத்திருந்தார். ஐம்பத்தொன்பது தடவை சரியாகச் சொன்ன தட்டு திடீரென்று மாற்றிச் சொல்வதால் தட்டை நிறுக்கும் தராசு பழுது என்று முடிவு செய்து, அதைச் சான்றிதழுக்கு அனுப்பிவைத்தார்கள். தராசு இல்லாமல் குறை எழுத முடியாது. குறை எழுதாமல் வெளியே அனுப்ப முடியாது.

இருபத்தாறாம் நாள் மத்தியானம் அவள் ஃபோனை எடுக்கவில்லை. தையல்காரர் கதவின் பிடியைத் திருகினார். அது பூட்டியே இருக்கவில்லை. இத்தனை நாளும் பூட்டியிருக்கவில்லை. இரண்டு மனிதர்கள் கையெழுத்துப் போட்டிருந்ததால் பூட்டு தேவைப்படவில்லை. அவள் கதவையும் திறந்து, அவளைத் தூக்கினார். வெட்டாத துணிச் சுருள்கூட அவளைவிடக் கனமாக இருக்கும். அபாயச் சங்கு அலறியது, மூன்று மாடியிலும் ஆட்கள் படிக்கட்டுக்கு வந்து நின்றார்கள், காற்று வீணாகிறதே என்று யாரோ சொன்னார்கள். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. தடுப்பதற்கு ஆளைத் தொட வேண்டும்.

எதிர்த் தெரு ஆஸ்பத்திரி டாக்டர் அவளைப் பார்த்த மாத்திரத்தில் நர்ஸைக் கூப்பிட்டார். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்டார். இருபத்திரண்டு நாள் என்றார் தையல்காரர். இத்தனை நாளும் எங்கே வைத்திருந்தீர்கள் என்று டாக்டர் சத்தம் போட்டார். தையல்காரர் ஜன்னல் வழியாகத் தெரிந்த நாலு மாடிக் கட்டடத்தைக் காட்டினார்.  பத்து நாள் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

குழாய் வழியாகக் கொடுத்ததை அவள் உடம்பு வாங்கிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் கொஞ்சம் நினைவு வந்து, கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அவரை மேலும் கீழும் பார்த்தாள். சட்டை வயிற்றில் இழுத்துப் பிடித்திருந்தது.

“அஞ்சு கிலோ ஏறியிருப்பீங்க,” என்றாள். “எல்லாச் சட்டையையும் பிரிச்சு விடணும். ஓரம் யார் மடிப்பா?”

“நீதான் மடிக்கணும்,” என்றார் அவர்.

மறுநாள் காலையில் அவள் போய்விட்டாள்.

பதினைந்து நாள் கழித்து நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘நோயாளி தாமாகவே ஆய்விலிருந்து விலகினார். விலகும் வரை உணவு உட்கொள்ளல் முழுமை. மீதி பூஜ்யம்.’ இந்த முடிவின் அடிப்படையில் இனி வரும் நோயாளிகளுக்கும் குழாய் தேவையில்லை, பன்னிரண்டாம் நாள் மருந்தை நிறுத்தலாம் என்று கீழே ஒரு குறிப்பு. தையல்காரர் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே பதிவு அதிகாரியிடம் போனார். ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும் என்றார். ‘இந்தப் பெண் சாப்பிடவில்லை’ என்று எழுதினால் போதும், யார் மேலும் எனக்கு வழக்கில்லை, தப்பு என்னுடையது என்றே எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அதற்குத் திருத்தக் குழு இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூடும், ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். தையல்காரர் தன் வயிற்றைக் காட்டினார். படுக்கை எடையின்படி அறுபத்தொன்றில் உள்ளே போனவர் அறுபத்தாறில் வெளியே வந்திருக்கிறார். அவள் சாப்பாடு இவர் உடம்பில் இருக்கிறது.

“நல்ல ஆதாரம்தான்,” என்றார் அதிகாரி படிவத்தைப் பார்த்தபடி. “அத அப்படியே கொண்டுவாங்க.”

அந்த மூன்று மாதமும் தையல்காரருக்கு வேறு வேலை இல்லை. ஐந்து கிலோவைக் காப்பாற்ற வேண்டும். கடையைத் திறப்பார், எதிரே காலியாக இருக்கிற மெஷினைப் பார்ப்பார், பொட்டலத்தைப் பிரிப்பார். ஒரு வாய் வைத்தால் தொண்டையில் கல் அடைத்த மாதிரி நிற்கும். இரண்டு ஆள் சாப்பாட்டைத் தின்று தீர்த்த அதே தொண்டைதான். வாராவாரம் மருந்துக்கடை வாசலில் இருந்த எடை மெஷினில் ஏறுவார். அறுபத்தைந்தரை. அறுபத்துநாலு. அறுபத்துமூன்றுக்கு வந்த வாரம் மெஷின் மேலேயே நின்று விசும்பினார், வரிசையில் நின்றவர்கள் விலகிப் போனார்கள். அவள் போனதற்குக்கூட அவர் அப்படி அழவில்லை. போனது ஒரேயடியாகப் போனது. இது கிராம் கிராமாகப் போனது, அவர் உடம்பிலிருந்தே போனது, பிடித்து வைக்க அவருக்கு வழி தெரியவில்லை.

குழு கூடிய அன்று அவரை நிறுக்கச் சொன்னார்கள். அறுபத்தொரு கிலோ. முதல் நாள் எடை. தலைவர் ஃபைலைப் பார்த்துவிட்டு, ஒப்பீட்டு நபர் முழு ஆரோக்கியத்துக்குத் திரும்பியதில் குழு மகிழ்ச்சி அடைகிறது, ஆதாரம் ஏதும் சமர்ப்பிக்கப்படவில்லை என்று படித்தார். இயக்குநருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து வந்து கை குலுக்கினார்.

“அஞ்சு கிலோ எங்க போச்சு பாத்தீங்களா? அந்த அம்மா போனதும் அதுவும் கெளம்பிடுச்சு. பெயர்ச்சின்னு நான் சொன்னப்ப எத்தன பேரு சிரிச்சாங்க.”

தையல்காரர் கையை விடுவித்துக்கொண்டார். சட்டை தொளதொளவென்று தொங்க, வெளியே வந்து நாலாவது மாடிக்கு ஏறினார். விருந்தாளிகள் வருகிற நாள் போலிருக்கிறது, மூச்சறையின் திரை விலகியிருந்தது. உள்ளே புது ஜோடி. அக்கா, தங்கை என்று கதவில் அட்டை மாட்டியிருந்தார்கள். அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவள் சட்டையில் இரண்டாவது, மூன்றாவது பட்டன்கள் இழுத்துப் பிடித்து, துணி குறுக்கே மடிந்திருந்தது. இரண்டு கிலோ இருக்கும் என்று தையல்காரரின் கண் சொன்னது. அவள் மடியில் நீலத் தட்டு. மென்றுகொண்டே அழுதுகொண்டிருந்தாள்.

நடைபாதையில் நின்று வெளி ஃபோனை எடுத்தார். அவள் திடுக்கிட்டுத் தட்டை மறைத்தாள், பிறகு ரிசீவரை எடுத்தாள்.

“அதக் கீழ வெச்சுடும்மா,” என்றார் தையல்காரர். “கதவு பூட்டல. அக்காவக் கூட்டிக்கிட்டு எதிர்த் தெருவுக்குப் போ.”

“ஐயோ, போனா ஆய்வுலேருந்து அனுப்பிடுவாங்களே,” என்றாள் அவள்.

“அனுப்பட்டும்மா. உயிரோட அனுப்பட்டும்.”